அடுப்பூதும் பெண்ணும் ஆகாயக் கணக்கும்

‘அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு?’ இந்தப் பழமொழியைக் கண்டிக்காத மேடை தமிழ்நாட்டில் இல்லை. பெண்கல்வி பற்றிப் பேச எழும் எவரும் முதலில் இதை ஓர் அடி அடித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். அந்த அடியெல்லாம் ‘படிப்பெதற்கு’ என்ற பின்பாதிக்கு விழுந்தது. ‘அடுப்பூதும்’ என்ற முன்பாதி அப்படியே நிற்கிறது. பெண்கள் படித்தார்கள், நல்லது. ஆனால் அடுப்பை இன்னும் யார் ஊதுகிறார்கள், ஊதும்போது உள்ளே போவது என்ன, வெளியே போவது என்ன என்ற கேள்விகளை யாரும் மேடையேற்றவில்லை. இந்தக் கட்டுரை அந்த முன்பாதியைப் பற்றியது.

ஊதுவது மூளை தேவைப்படாத வேலை என்ற நினைப்பில்தான் அந்தப் பழமொழியே பிறந்தது. உண்மையில் ஊதுகிறவள் செய்வது வேதியியல். விறகு சூடாகும்போது அதிலிருந்து ஆவிகள் கிளம்புகின்றன. போதிய ஆக்சிஜனும் போதிய வெப்பமும் இருந்தால் அவை சுடராக எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் போய்விடும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் எரிதல் பாதியில் நின்றுவிடும். அப்போது கிளம்புவதுதான் புகை: புகைக்கரி, எண்ணெய்ப்பசை கொண்ட கரிமத் துகள்கள், கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு, கொஞ்சம் மீத்தேன். ஊதாங்குழலில் ஊதும் பெண் அந்தக் குறைவை ஈடுகட்டுகிறாள். அவள் ஊதினால் புகை சுடராகிறது. ஊதலை நிறுத்தினால் சுடர் மறுபடி புகையாகிறது. ஒவ்வோர் ஊதலுக்கும் முன்னால் அவள் ஒரு மூச்சை இழுத்தாக வேண்டும். அடுப்பின் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குனிந்தபடி, அந்தப் புகைக்குள்ளிருந்துதான் இழுக்கிறாள்.

வளிமண்டல வேதியியலுக்கும் பெண்ணியத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு மூச்சே போதுமான பதில். அவர்கள் வரலாறும் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுவோம்.

1856 ஆகஸ்ட் 23. அமெரிக்காவின் ஆல்பனி நகரில் அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் கூட்டம். யூனிஸ் நியூட்டன் ஃபுட் என்ற பெண் எழுதிய சிறு ஆய்வறிக்கை அங்கே வாசிக்கப்பட்டது. வாசித்தவர் அவரல்ல, ஜோசப் ஹென்றி என்ற புகழ்பெற்ற ஆண் அறிவியலாளர். ஃபுட் செய்தது எளிமையான சோதனை. கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, உள்ளே வெப்பமானி வைத்து, வெயிலில் காட்டினார். கார்பன் டை ஆக்சைடு அடைத்த உருளை மற்றவற்றைவிட அதிகமாகச் சூடேறி 125 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. வெயிலிலிருந்து எடுத்த பிறகு ஆறுவதற்கும் பல மடங்கு நேரம் பிடித்தது. அந்த வாயு மிகுந்த ஒரு காலம் பூமிக்கு இருந்திருந்தால் அப்போது பூமி இன்னும் வெப்பமாக இருந்திருக்கும் என்று அவர் எழுதினார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1859இல், ஜான் டிண்டால் லண்டனில் இதைவிடத் துல்லியமான கருவிகளோடு, பூமி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை வாயுக்கள் உறிஞ்சுவதை அளந்து காட்டினார். ஃபுட்டின் சோதனையால் வெயிலின் வெப்பத்தையும் பூமியின் வெப்பக் கதிரையும் பிரித்தறிய முடியாது. டிண்டாலின் சோதனையால் முடிந்தது. இந்த வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. டிண்டால் அவரிடமிருந்து களவாடினார் என்று சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால் பசுமைக்குடில் விளைவின் கதையைச் சொன்ன புத்தகங்களில் டிண்டாலின் பெயர் நூற்றைம்பது ஆண்டுகள் நிலைத்தது. ஃபுட்டின் பெயர் 2011இல்தான் மீண்டும் தோண்டி எடுக்கப்பட்டது. இதே ஃபுட் 1848இல் செனக்கா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டின் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 68 பெண்களில் ஒருவர். வாக்குரிமை கேட்ட அதே கைதான் வெப்பமானியையும் பிடித்தது.

ஃபுட்டின் பெயரை மீட்டதோடு நம் வேலை முடிந்ததென்று நினைத்தால் அதைவிடச் சோம்பேறித்தனம் வேறில்லை. காற்றை அளந்த ஒரு பெண்ணின் பெயர் விடுபட்டது ஓர் அநீதி. காற்றைச் சுவாசித்தே சாகும் பெண்களின் எண்ணிக்கை கணக்கில் சரியாக ஏறாதது அதைவிடப் பெரிய அநீதி. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள். விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றில் சமைக்கும் மக்கள் இன்னும் 200 கோடிக்கு மேல். இந்த அடுப்புகளின் முன் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அறிய ஆய்வு எதுவும் தேவையில்லை.

இனி அந்தப் புகை கூரையைத் தாண்டிய பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்போம். அங்கேதான் அரசியல் தொடங்குகிறது.

புகைக்கரியை அறிவியலாளர்கள் கறுப்புக் கார்பன் என்கிறார்கள். நம் அடுப்படிச் சுவரில் படியும் அதே கரிதான். வெயிலை விழுங்கிக் காற்றைச் சூடாக்குவது இதன் குணம். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் வானில் தங்கும். கறுப்புக் கார்பன் ஒரு வாரம் போலத் தங்கி, மழையோடு இறங்கிவிடும். கூடவே கிளம்பும் வெளிர்நிறக் கரிமத் துகள்களில் பல வெயிலைத் திருப்பி அனுப்பிச் சற்றே குளிர்விக்கின்றன. கார்பன் மோனாக்சைடின் வேலை மறைமுகமானது. வளிமண்டலத்தில் ஹைட்ராக்சில் என்றொரு மூலக்கூறுத் துண்டு இருக்கிறது. காற்றில் சேரும் அழுக்கை ஆக்சிஜனேற்றம் செய்து கழுவுவது அதுதான். மீத்தேனைச் சிதைப்பதும் அதுவே. கார்பன் மோனாக்சைடு அதிகமானால் ஹைட்ராக்சில் அதனோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகிறது. மீத்தேன் அழியாமல் இன்னும் கொஞ்ச காலம் சுற்றி வருகிறது. ஈர விறகு எரிந்த ஓர் அடுப்படிக்கும் உலகத்தின் மீத்தேன் கணக்குக்கும் இப்படியொரு கண்ணுக்குத் தெரியாத கயிறு இருக்கிறது.

இத்தனையும் உண்மை. இந்த உண்மைகளை வைத்து யார் யாருக்காக வழக்காடினார்கள் என்பதுதான் கேள்வி.

1990இல் வாஷிங்டனின் உலக வளங்கள் நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. பசுமைக்குடில் வாயுக்களை அதிகம் வெளியிடும் நாடுகளின் முதல் வரிசையில் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் பிரேசிலும் சீனாவும் இந்தியாவும் இருந்தன. நெல்வயலின் மீத்தேனையும் மாட்டின் மீத்தேனையும் காரின் புகையோடு ஒரே தராசில் நிறுத்தித்தான் அந்த வரிசை கிடைத்தது. மறு ஆண்டே டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் பதிலடி எழுதினார்கள். பிழைப்பதற்காக வெளியிடும் வாயுவும் சொகுசுக்காக வெளியிடும் வாயுவும் ஒன்றாகுமா என்பது அவர்கள் வாதத்தின் மையம். இன்றும் காலநிலை நீதி பற்றிப் பேசும் எவரும் அந்த வாதத்தின் மேல்தான் நிற்கிறோம்.

அடுத்தது 2002. இந்தியப் பெருங்கடலின் மேல் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை படிந்திருந்த பழுப்பு மேகத்தைப் பற்றி ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அறிக்கை வெளியிட்டது. சென்னையில் பிறந்த வீரபத்ரன் ராமநாதனும் பால் குருட்சனும் முன்னின்று 1999இல் மாலத்தீவை மையமாக வைத்து நடத்திய ஆய்விலிருந்து எழுந்தது அது. ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்ற பெயரையே இந்திய அரசு எதிர்த்தது. பிறகு ‘ஆசிய’ என்ற சொல் உதிர்ந்து ‘வளிமண்டலப் பழுப்பு மேகம்’ ஆனது. அந்த மேகத்தின் கரி டீசலிலிருந்தா, விறகிலிருந்தா என்ற சண்டை தொடர்ந்தது. 2009இல் கார்பன்-14 அளவை வைத்துப் பதில் கிடைத்தது. நிலக்கரி, பெட்ரோலியத்தின் கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையது, அதில் கார்பன்-14 மிச்சமிருக்காது. நேற்று வெட்டிய மரத்தில் இருக்கும். மாலத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் பிடித்த துகள்களில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை உயிர்ப்பொருளை எரித்ததிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. விறகும் வரட்டியும் பயிர்த்தாளும் காடும் எரிந்த புகை அது.

இந்த இரண்டு சண்டைகளிலும் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், சொகுசையும் பிழைப்பையும் பிரித்த பக்கம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. மேற்கு நாடுகள் அவளுடைய அடுப்பைக் குற்றப்பட்டியலில் சேர்த்தன. நம் அரசு அவளுடைய அடுப்பைக் கேடயமாகப் பிடித்தது. ‘எங்கள் ஏழைப் பெண்களின் அடுப்பைக் குறைசொல்லாதே’ என்று உலக மன்றங்களில் முழங்கிய அரசு, ஊருக்குத் திரும்பி அந்தப் பெண்ணிடம் ‘உன் அடுப்புப் புகை உனக்கு என்ன செய்கிறது?’ என்று கேட்டதா? பிழைப்புக்கான புகை என்ற சொல் நியாயமானது. ஆனால் அந்தப் புகையால் அவள் பிழைக்கவில்லை. குடும்பம் பிழைத்தது. அவள் நுரையீரலில் அது படிந்தது. தேசத்தின் இறையாண்மையைக் காக்க இந்த முறையும் ஒரு பெண்ணின் உடம்புதான் கிடைத்தது.

கணக்கேடுகளைப் புரட்டினால் இது இன்னும் தெளிவாகும். கார்பன் கணக்கில், மரம் மறுபடி வளரும் என்ற அனுமானத்தில், விறகின் கார்பன் டை ஆக்சைடு எரிபொருள் தலைப்பின் கூட்டுத்தொகையில் சேராது. மீத்தேன் கணக்கில் ‘வீட்டுத் துறை’ என்ற தலைப்பில் சிறு தொகை விழும். காற்றுத் தரக் கணக்கில் அவள் வீட்டு வாசலோடு அளவை நின்றுவிடும். மூன்று ஏடுகளிலும் புகை இருக்கிறது. ஒன்றிலும் அதை மூச்சாக இழுத்தவள் இல்லை.

மூன்றாவது ஏட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 2009இல் வகுத்த இந்தியக் காற்றுத் தர அளவுகளின்படி பிஎம் 2.5 நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டரில் 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 5. எட்டு மடங்கு தாராளம். அந்தத் தாராளமான வரம்பும் வெளிக்காற்றுக்குத்தான். 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களுக்கானது, அதிலும் ஏறத்தாழ 130 நகரங்களுக்கு. அளவைக் கருவி மாடியில் இருக்கும், போக்குவரத்துச் சந்திப்பில் இருக்கும். விறகெரியும் அடுப்படியில் சமைக்கும் நேரத்தில் நுண்துகள் பல நூறைத் தாண்டி ஆயிரத்தைத் தொடுவது சாதாரணம். அங்கே கருவியும் இல்லை, வரம்பும் இல்லை, மீறலும் இல்லை. ஆண்கள் நடமாடும் தெருவிலிருக்கும் காற்று பொதுக்காற்று, பெண் குனிந்திருக்கும் மூலையின் காற்று குடும்ப விவகாரம். அடி உதைக்கு எந்த எல்லை வகுக்கப்பட்டிருந்ததோ அதே வாசற்படி எல்லைதான் காற்றுக்கும்.

இந்த எல்லையை அறிவியலால் உடைத்தவர் கிர்க் ஸ்மித். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவியைப் பொருத்தி அவர்கள் சுவாசிக்கும் காற்றை அளந்தவர். அவர் வலியுறுத்திய ஒரு கருத்து எனக்கு எந்தப் பெண்ணிய நூலுக்கும் குறைவில்லாததாகப் படுகிறது. எவ்வளவு புகை கிளம்பியது என்று மட்டும் கேட்காதீர்கள், அதில் எவ்வளவு மூச்சுக்குள் போனது என்று கேளுங்கள் என்றார் அவர். வீட்டுக்குள் கிளம்பும் ஒரு கிராம் மாசு, வெளியே உயரத்தில் விடப்படும் ஒரு கிராமைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகமாக மனித நுரையீரலை அடைகிறது.

அனல்மின் நிலையங்களின் 500 மெகாவாட் அலகுகளுக்கு 275 மீட்டர் உயரப் புகைபோக்கி வேண்டும் என்பது நெடுநாள் விதி. சென்னை அண்ணாசாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஐந்து முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம். மூலதனத்தின் அடுப்புக்கு அவ்வளவு உயரம் தேவை என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அடுப்புக்கு? ஓட்டிடுக்கு. கீற்றிடுக்கு. தொகுப்பு வீடு என்று கட்டிக்கொடுத்த கான்கிரீட் பெட்டியில் அந்த இடுக்கும் இல்லை.

அந்த 275 மீட்டராலும் நியாயம் கிடைத்துவிடவில்லை. எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுக்குப்பத்துப் பெண்களைக் கேளுங்கள். கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்தும் கருவிகளை 2017 டிசம்பருக்குள் பொருத்த வேண்டும் என்று 2015இல் விதி வந்தது. காலக்கெடு 2022 ஆனது, பிறகு மேலும் மேலும் நகர்ந்தது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் அலகுகளுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. கந்தகம் காற்றில் சல்பேட்டாகி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, பூமியைக் குளிர்விக்கிறது, அதை ஏன் நீக்க வேண்டும் என்று வாதிடும் அறிவாளிகளும் இருக்கிறார்கள். வேதியியல் சரிதான். அந்தச் சல்பேட் நுண்துகளாக யார் நெஞ்சில் இறங்குகிறது என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். பூமியைக் குளிர்விக்கும் கூலியில்லா வேலையையும் வடசென்னையின் நுரையீரலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இனி எரிவாயு. 2016 மே 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் பலியாவில் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. இன்று 10 கோடிக்கு மேல் இணைப்புகள். தமிழ்நாட்டில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் வந்துவிட்டது. இரண்டையும் நான் குறைசொல்லப் போவதில்லை. சிலிண்டர் வந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு மிச்சமான நேரமும் மூச்சும் எந்தப் புரட்சிகர வசனத்தாலும் கிடைத்ததில்லை. என் கோபம் அதற்குப் பிறகு நடந்தது பற்றியது. இணைப்பு பெண்ணின் பெயரில், விலை எண்ணெய் நிறுவனத்தின் கையில், பணம் வீட்டு ஆணின் சட்டைப்பையில். 2025 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை 868 ரூபாய் 50 காசு. அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். ஒரு சிலிண்டருக்கு இரண்டரை நாளுக்கும் அதிகமான உழைப்பு. உஜ்வாலா பயனாளிக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. அது கழிந்தாலும் ஏறத்தாழ இரண்டு நாள். உஜ்வாலா வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு, நான்கரை சிலிண்டர்தான் வாங்குகின்றன. முழுச் சமையலும் எரிவாயுவில் நடக்கும் வீட்டுக்கு எட்டாவது வேண்டும். மீதி மாதங்களில் சீமைக்கருவேல முள்ளும் தென்னை மட்டையும்.

தேசியக் குடும்பநல ஆய்வு இதை எப்படிப் பதிவு செய்கிறது? ‘உங்கள் வீட்டில் சமையலுக்கு முதன்மையாக எந்த எரிபொருளைப் பயன்படுத்துகிறீர்கள்?’ என்று கேட்கிறது. 2019–21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 82.9 விழுக்காடு வீடுகள் தூய எரிபொருளுக்கு மாறிவிட்டன, இந்தியாவில் 58.6. ‘முதன்மையாக’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் குளிக்க வெந்நீர் போடும் அடுப்பும், நெல் அவிக்கும் அடுப்பும், மாட்டுக்குத் தவிடு காய்ச்சும் அடுப்பும், மாதக் கடைசியின் அடுப்பும் மறைந்துகொள்கின்றன. விறகு ‘இலவசம்’ என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முள் வெட்டிச் சுமந்து வருகிறவள் நிலமில்லாதவள், பெரும்பாலும் தலித் பெண். சுள்ளி பொறுக்கப் போகும் காடும் வரப்பும் கரையும் யாருக்குச் சொந்தம் என்பதில் சாதி இருக்கிறது. அங்கே அவள் கேட்கும் வசவும் அவள்மேல் விழும் கையும் எந்த எரிபொருள் விலைப்பட்டியலிலும் வராது.

‘இல்லை, அவர்களுக்கே விறகடுப்புதான் பிடிக்கும், ருசி போய்விடும் என்பார்கள், அது பண்பாடு’ என்று சொல்லும் ஆண்களை நிறையப் பார்த்துவிட்டேன். நெடுஞ்சாலையில் ‘விறகடுப்புச் சமையல்’ என்று பலகை மாட்டிய கடையில் வண்டியை நிறுத்துகிறவர்கள் இவர்கள்தான். கைப்பேசியில் தோட்டத்து மரத்தடியில் அண்டா வைத்துச் சமைக்கும் ஆண்களின் காணொளியை ரசிப்பவர்களும் இவர்கள்தான். கவனித்திருக்கிறீர்களா? ஆண் விறகில் சமைக்கும்போது திறந்தவெளியில் சமைக்கிறான். கல்யாணப் பந்திக்கும் கிடாவெட்டுக்கும் அப்படித்தான். பெண் சமைக்கும்போதுதான் நான்கு சுவர் வந்துவிடுகிறது.

இந்தப் ‘பிடிக்கும்’ என்ற பொய்யை நம் மண்ணிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாலு நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த ‘ஹேப்பின்’ ஆய்வின் இந்தியக் களம் விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் பதினெட்டு மாதத்துக்குச் சிலிண்டரும் இலவசமாக வீடு தேடிப் போனது. விளைவு? விறகைத் தொடுவதையே அவர்கள் ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். கர்ப்ப காலத்தில் அவர்கள் சுவாசித்த நுண்துகள் ஏறத்தாழ 71 மைக்ரோகிராமுக்குப் பதிலாக 24 ஆனது. பண்பாடு, ருசி, பழக்கம் எல்லாம் சிலிண்டர் இலவசமாக வந்ததும் காணாமல் போயின. விறகின்மேல் பெண்ணுக்கு இருந்தது காதல் இல்லை, கையில் காசில்லை.

ஆனால் இந்த ஆய்வு தலைப்புச் செய்தியானது வேறு காரணத்துக்காக. பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2022இல் முடிவு வெளியானது. உடனே ‘அப்படியானால் எரிவாயுவால் என்ன பயன்?’ என்ற கேள்வி கிளம்பியது. இந்தக் கேள்வியை நிதானமாகப் பாருங்கள். அந்த ஆய்வு முதன்மையாகத் தேடிய விளைவுகள் நான்கு: பிறப்பு எடை, குழந்தையின் நிமோனியா, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, வீட்டிலுள்ள மூத்த பெண்ணின் ரத்த அழுத்தம். மூன்று குழந்தையைப் பற்றியவை. ஆய்வாளர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சென்னையிலும் வெளிநாட்டிலும் பல ஆண்டுகள் உழைத்து, எதிர்பார்த்தது கிடைக்காதபோதும் ஒளிக்காமல் வெளியிட்டவர்கள் அவர்கள். நான் கேட்பது நம்மை. ஒரு பெண்ணின் மூச்சுக்காற்று மூன்றில் ஒரு பங்காகத் தெளிந்தது என்பதே ஏன் போதுமான வெற்றி இல்லை? அவள் இருமாமல் தூங்குவதற்கு அவள் பிள்ளை எத்தனை கிராம் கூடப் பிறக்க வேண்டும்? நல்ல காற்று வேண்டும் என்று கேட்கும் ஆணிடம் யாரும் ‘உன் பிள்ளை எத்தனை கிலோ?’ என்று கேட்பதில்லை.

நம் பக்கத்திலிருந்து வரும் ஓர் எதிர்ப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். எரிவாயுவும் புதைபடிவ எரிபொருள்தானே, காலநிலை பற்றிப் பேசிக்கொண்டே அதைக் கேட்கலாமா என்கிறார்கள் சூழலியல் தோழர்கள். கணக்குப் போடுவோம். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடு. எட்டுச் சிலிண்டருக்கு ஆண்டுக்கு 340 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ. அப்படியானால் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சமையலும் ஏறத்தாழ 148 லிட்டர் பெட்ரோலும் சமம். ஒரு கார் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பி, இன்னொரு முறை போனால் முடிந்துவிடும் கணக்கு. விடுமுறைக்குக் காரில் போய்வந்த யாரும் அவளிடம் காலநிலைக் கணக்குக் கேட்கத் தகுதியற்றவர்கள். அந்த 340 கிலோவுக்கு ஈடாக அவள் புகைக்கரியும் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் நிற்கின்றன என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் அவள் பக்கம் சாயும்.

எரிவாயுதான் முடிவு என்று நான் சொல்லவில்லை. மின்னடுப்பு வரட்டும். ஆனால் அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், என் அடுப்படிப் புகையை எண்ணூர்ப் பெண்ணின் முற்றத்துக்கு மாற்றியதாகும். சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் வரட்டும், அதை முதலில் அவள் வீட்டுக்குக் கொடுக்கட்டும். அதுவரை அவள் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை எரிவாயுவிலோ மின்னடுப்பிலோ காபி போட்டுக் குடிக்கும் எவருக்கும் இல்லை. எனக்கும் இல்லை.

‘மேம்படுத்திய அடுப்பு’ என்ற ஆறுதல் பரிசும் வேண்டாம். 1980களில் தொடங்கி 2002 வரை புகையில்லா அடுப்பு என்று மூன்று கோடிக்கு மேல் கட்டிக்கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை உடைந்தும் அடைத்தும் மண்ணாயின. பின்னர் ஒடிசாவில் அப்படிப்பட்ட அடுப்புகளை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் முதலாண்டு குறைந்த புகை பிறகு பழைய நிலைக்கே வந்துவிட்டது. புகைபோக்கியை யார் தேய்ப்பது, விரிசலை யார் பூசுவது என்று திட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. அதுவும் அவள் வேலைதான் என்று கூலியில்லாமல் எழுதிவைத்துவிட்டார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள். காற்றுத் தர வரம்பு வாசற்படியைத் தாண்டி அடுப்படிக்குள் வர வேண்டும், கிராமத்துக்குள்ளும் வர வேண்டும். ஏழை வீட்டுச் சிலிண்டரின் விலையை ஒரு நாள் கூலியின் பங்காக நிர்ணயிக்க வேண்டும், எண்ணெய்ச் சந்தையின் மனநிலைக்கு விடக்கூடாது. அரசு கட்டும் ஒவ்வொரு வீட்டின் வரைபடத்திலும் காற்றோட்டமுள்ள அடுப்படி கட்டாயமாக வேண்டும். புகைக்காத பெண்ணுக்கு வரும் நுரையீரல் அடைப்பு நோயை அடுப்படித் தொழில்நோயாகப் பதிவு செய்ய வேண்டும். அனல்மின் நிலையங்களுக்குக் கொடுத்த விலக்கைத் திரும்பப் பெற வேண்டும்.

கடைசியாக, வீட்டுக்குள் பேச வேண்டியது. 2019இன் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி இந்தியாவில் வீட்டுவேலையில் ஏதாவது பங்கெடுக்கும் ஆண்கள் 26 விழுக்காடு. பெண்கள் 81. பங்கெடுக்கும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97. எரிபொருளை மாற்றினால் புகை போகும். இந்த 299 போகாது. புகையில்லாத அடுப்படியில் அவளை இன்னும் சுலபமாக நிற்கவைக்கலாம் என்பதற்காக நாம் சிலிண்டர் கேட்கவில்லை. அடுப்பை மாற்றும்போதே அதன் முன் நிற்கும் ஆளையும் மாற்ற வேண்டும் என்பதும் இதே கோரிக்கையின் பகுதி.

அடுத்த குடும்பநல ஆய்வுக்குக் கேள்வித்தாளோடு வருபவர், ‘உங்கள் வீட்டின் முதன்மை எரிபொருள் எது?’ என்பதோடு நிறுத்த வேண்டாம். ‘இந்த வீட்டில் நேற்று யார், எத்தனை மணி நேரம், எந்தப் புகையில் இருந்தார்?’ என்று கேட்கட்டும். வாசலில் நிற்கும் ஆணிடம் கேட்க வேண்டாம். உள்ளே வந்து, அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் அந்தக் காற்றை இழுத்தபடி கேட்கட்டும்.